மாயையும் மெய்நிகரும்

மாயை! எத்தனை நூற்றாண்டுகளாக நம் செவியில் ஒலித்து வரும் சொல் இது! உழைப்பவன் வயிறு காய்வதும் மாயை, உண்பவன் தொந்தி பெருப்பதும் மாயை என்று ஓதினர்; நம்பினோம், நலிந்தோம். ஆகவே, அந்தச் சொல்லைக் கேட்டதும் பகுத்தறிவாளர் முகம் சுளிப்பதிலே தவறில்லை. ஆனால், அறிவியலும் ஒரு மாயையைப் படைக்கிறதே, அதை என்னென்பது?

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மாபெரும் நீர்த்தொட்டி ஒன்று உண்டு. நீளம் 202 அடி, அகலம் 102 அடி, ஆழம் 40 அடி. விண்வெளி நிலையத்தின் பகுதிகளைப் போன்ற உருவங்கள் அதனுள்ளே மூழ்கிக் கிடக்கின்றன. விண்ணுடை பூண்ட வீரரை அங்கே இறக்கி, மேலெழாமலும் கீழிறங்காமலும் எடையைச் சரிசெய்து, எடையற்ற நிலைக்கு அவரைப் பழக்குகின்றனர்.

ஏன் இத்தனை பாடு? 1966 ஜூனில் யூஜின் செர்னான் விண்கலத்தை விட்டு வெளியே வந்தார். எடையற்ற இடத்தில் வேலை எளிது என்ற எண்ணம் அங்கே தவிடுபொடியாயிற்று. திருகைத் திருப்பினார், திருப்பியவர் உடல் திரும்பிற்று! களைத்தார், முகக் கண்ணாடியை ஆவி மறைத்தது, பணி பாதியில் நின்றது. அதே ஆண்டு நவம்பரில் பஸ் ஆல்ட்ரின் சென்றார். நீருக்கடியில் முன்கூட்டியே பயின்றவர் அவர். கைக்கும் காலுக்கும் பிடிப்புகளும் அமைத்துத் தந்திருந்தனர். மூன்று முறை வெளிப்போந்து, ஐந்து மணி நேரத்துக்கு மேல் பணியாற்றி, வெற்றியுடன் மீண்டார்.

நீர் உடலை ஏமாற்றும், கண்ணை ஏமாற்றாது. கண் காண்பது குளத்துச் சுவரைத்தான். மெய்நிகர்க் கருவியோ கண்ணை ஏமாற்றும்; உடல் நாற்காலியின் பாரத்தை உணர்ந்தபடியே இருக்கும். ஹபிள் தொலைநோக்கியைச் செப்பனிட 1993இல் சென்றவர்கள் இக்கருவியிலும் பயின்றனர். இப்போது இரண்டையும் இணைத்து, நீருக்குள்ளேயே மெய்நிகர் முகமூடியை அணியும் முயற்சி நடக்கிறது. உடலும் மயங்கும், கண்ணும் மயங்கும்!

அப்படியானால், கோயில் சிலை கண்ணீர் வடித்தது என்று கூட்டம் சேர்ப்பவனுக்கும் இந்த அறிஞருக்கும் வேறுபாடு என்ன?

வேறுபாடு உண்டு, தோழர்களே! இங்கே மயங்குபவர் தாம் மயங்குவதை அறிவார். அறிந்தே, விரும்பியே அணிகிறார். மயக்குபவரோ தம் படைப்பின் குறையைத் தாமே பட்டியலிடுகிறார்: "நீர் அசைவைத் தடுக்கும், விண்வெளி தடுக்காது, தலைகீழாய் நின்றால் இங்கே குருதி தலைக்கு ஏறும், கைதவறிய கருவி இங்கே அடியில் விழும், அங்கே மிதந்து போகும்" என்று. எந்தப் பூசாரி தன் அற்புதத்தின் ஓட்டையை இப்படி எடுத்துரைத்தான்? எல்லாவற்றுக்கும் மேலாக, முகமூடியைக் கழற்றும் நாள் ஒன்று உண்டு. கற்றது மெய்தானா என்பதை விண்வெளியே சோதிக்கும். தவறினால் தாங்கிப் பிடிக்கத் தொட்டியிலே முக்குளிப்போர் உண்டு. அங்கே யார் உளர்?

ஆக, தோற்றத்தைப் படைப்பது குற்றமாகாது. தோற்றத்தை உண்மையென்று சாதிப்பதும், ஐயுறுபவனின் வாயை அடைப்பதும், கழற்ற முடியாதபடி முகமூடியை முகத்தோடு தைப்பதுமே குற்றம்.

இந்த அளவுகோலைக் கோயில் வாயிலில் மட்டும் வைத்துவிட்டு நாம் வீடு திரும்பலாகாது. நாமும் மேடை அமைத்தோம், நாடகம் நடத்தினோம், திரையிலே பேசினோம். மக்களை விழிக்கச் செய்யவே அவை பிறந்தன. ஆனால், திரையில் கண்ட வீரத்தைத் தெருவில் கண்டதாகக் கருதி, வானளாவ நிறுத்திய படத்தின் உயரத்தைத் தலைவரின் உயரமாக எண்ணி ஒருவன் கைகூப்பினால், அவன் முகமூடியைக் கழற்ற மறந்தவன் அல்லவா? "இது தோற்றம், இன்னின்ன குறை இதில் உண்டு" என்று அவனுக்குச் சொல்லாத நாம் யார்? புதிய பூசாரிகள்தாமே?

நீரில் இறங்கும் அந்த வீரர் மயக்கத்தைக் கருவியாக்கி உண்மையை எட்டுகிறார். நாமும் நம் மேடையில் நிற்கையில், கழற்றும் உரிமையைக் கேட்பவர் கையில் கொடுத்துவிட்டே பேசுவோம்!