ஹக்கீம் ஒலாஜுவானின் நோன்பு

உடலுழைப்பால் பிழைப்பவர் ரமலான் மாதத்தில் நோன்பையும் விடாமல் வேலையையும் விடாமல் எப்படிக் கடப்பது என்பது இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாகப் பேசிவரும் கேள்வி. அறுவடைக் கூலியையும் அடுப்படியில் வேகும் ரொட்டிக்காரரையும் வைத்துப் பழைய நூல்கள் அதை அலசின. இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் அதே கேள்வி கூடைப்பந்துக் களத்தில் எழுந்தது. அதற்குக் காரணமானவர், நைஜீரியாவில் பிறந்து அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் 18 பருவங்கள் ஆடிய ஹக்கீம் ஒலாஜுவான்.

அவர் 1963 ஜனவரி 21 அன்று லாகோஸ் நகரில் யொருபா இனத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் சிமெண்ட் வியாபாரம் செய்தார்கள். பள்ளி நாட்களில் அவர் ஆடியது ஹேண்ட்பாலும் கால்பந்தும். கால்பந்தில் அவர் கோல்கீப்பர். கூடைப்பந்தைத் தொட்டது பதினைந்து வயதுக்குப் பிறகுதான். பின்னாளில் எதிராளியை ஒரு பக்கம் சாயவைத்து மறுபக்கம் திரும்பிப் பந்தைக் கூடையில் போடும் அவருடைய கால் வித்தை உலகப் புகழ் பெற்றது. அந்தக் காலடி கால்பந்து கொடுத்த கொடை என்று அவரே சொல்லியிருக்கிறார். 1980-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பயிற்சியாளர் கை லூயிஸின் அணி 1982, 1983, 1984 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக நின்றது. 1984-ல் தொழில்முறை அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது ஹூஸ்டன் ராக்கெட்ஸ் முதல் ஆளாக எடுத்தது இவரைத்தான். மைக்கேல் ஜோர்டானின் பெயர் அன்று மூன்றாவதாக வந்தது.

அமெரிக்காவுக்கு வந்த புதிதில் அவருடைய மார்க்க வாழ்க்கை தளர்ந்திருந்தது. ஹூஸ்டனில் ஒரு பள்ளிவாசலோடு தொடர்பு ஏற்பட்ட பிறகே ஐவேளைத் தொழுகையும் நோன்பும் ஒழுங்காகத் திரும்பின. ஆரம்பப் பருவங்களில் களத்தில் கைகலப்புக்கும் நடுவரோடு மல்லுக்கட்டுவதற்கும் பெயர் போனவர், தொண்ணூறுகளில் நிதானத்துக்கு எடுத்துக்காட்டானார். இந்த மாற்றத்தை முழுக்க மார்க்கத்தின் கணக்கில் எழுதிவிடுவது அவசரம். முப்பது வயது நெருங்கும்போது பலருக்கும் கோபம் தணிகிறது. ஆனால் அவர் அதை மார்க்கத்தோடு சேர்த்தே பார்த்தார்.

இஸ்லாமிய ஆண்டு சந்திரனைக் கொண்டது. அதனால் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னே வந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடும். தொண்ணூறுகளின் நடுவில் அது குளிர்காலத்தில், என்.பி.ஏ. பருவத்தின் நட்டநடுவில் விழுந்தது. ஒலாஜுவான் விடியலுக்கு முன் எழுந்து ஏழு பேரீச்சம்பழங்களைச் சாப்பிட்டு, நான்கு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் குடித்து, தொழுதுவிட்டு நோன்பைத் தொடங்குவார். பிறகு சூரியன் மறையும்வரை பயிற்சியிலும் ஒரு மிடறு தண்ணீர் கிடையாது. பிப்ரவரி மாத ஹூஸ்டனில் மாலை ஆறு மணியளவில் பொழுது சாய்ந்துவிடும். ஆகவே இரவு ஆட்டம் என்றால் நோன்பு திறந்துவிட்டுக் களமிறங்கலாம். வார இறுதியில் பகலில் நடக்கும் ஆட்டங்களுக்கு அந்த வழி இல்லை. ஆட்டத்தின் இடைவேளைகளில் மற்றவர்கள் தண்ணீர்க் குவளையை எடுக்கும்போது அவர் வெறும் வாயோடு இருந்துவிட்டுத் திரும்பவும் ஓட வேண்டும்.

1995-ல் ரமலான் பிப்ரவரி 1 அன்று தொடங்கியது. அந்த பிப்ரவரியின் சிறந்த வீரர் விருது ஒலாஜுவானுக்குக் கிடைத்தது. அதற்கு முந்தைய பருவத்தில் மதிப்புமிக்க வீரர், சிறந்த தற்காப்பு வீரர், இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் ஆகிய மூன்று விருதுகளையும் அவர் சேர்த்தே வென்றிருந்தார். ஒரே பருவத்தில் இதைச் செய்தவர் வேறு எவரும் இல்லை. 1995 ஜூனில், மேற்குப் பிரிவில் ஆறாம் இடத்தில் நுழைந்த ராக்கெட்ஸ், ஷக்கீல் ஓ'நீல் ஆடிய ஆர்லாண்டோ அணியை 4-0 என்று வீழ்த்திப் பட்டத்தைத் தக்கவைத்தது.

சட்டப்படி பார்த்தால் அவருக்கு இத்தனை சிரமம் தேவைப்பட்டிருக்காது. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம், 184, 185 வசனங்கள், நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பை வேறு நாட்களுக்குத் தள்ளிவைக்கச் சலுகை தருகின்றன. என்.பி.ஏ. பருவத்தின் 82 ஆட்டங்களில் பாதி வெளியூரில் நடப்பவை. விமானத்தில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் வீரர் எந்த அளவுகோலிலும் பயணிதான். அப்படியிருக்க, இறைவன் கொடுத்த சலுகையை ஏற்றுக்கொள்வது பணிவா, அதைத் தாண்டி நோற்பது பக்தியா?

இதில் மத்ஹபுகள், அதாவது இஸ்லாமியச் சட்ட மரபுகள், ஒருமித்த பதில் சொல்லவில்லை. பயணத்தில் கஷ்டம் இல்லாதவர் நோன்பு வைப்பதே மேல் என்பது ஹனஃபி, மாலிக்கி, ஷாஃபி அறிஞர்களின் பொதுவான கருத்து. ஒலாஜுவான் பிறந்த மேற்கு ஆப்பிரிக்காவில் பரவலாக இருப்பது மாலிக்கி மத்ஹப். ஹன்பலி மத்ஹப் சலுகையை ஏற்பதையே சிறந்ததாகக் கருதுகிறது. இரு தரப்பும் நபிமொழிகளையே ஆதாரமாகக் காட்டுகின்றன. பயணத்தில் நோன்பு வைத்துத் துவண்டுபோன ஒருவருக்கு மற்றவர்கள் கூடி நிழல் கொடுத்துக்கொண்டிருந்ததைக் கண்ட நபிகள், அப்படி நோற்பது நற்செயல் ஆகாது என்றார்கள். வேறொரு சமயம் ஹம்ஸா இப்னு அம்ர் என்ற தோழர், பயணத்தில் நோன்பு வைக்கலாமா என்று கேட்டபோது, விரும்பினால் வைக்கலாம், விரும்பினால் விடலாம் என்று சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால், அளவுகோல் ஆளின் உடல் நிலை என்பது தெளிவாகிறது.

உள்ளூர் ஆட்டங்களுக்குப் பயணச் சலுகை பொருந்தாது. அங்கே வருவது பிழைப்பு பற்றிய கேள்வி. ஜெர்மனியில் நோன்பு வைத்த கால்பந்து வீரர்களை ஒரு கழகம் எச்சரித்ததால் எழுந்த தகராறுக்குப் பின், 2010-ல் எகிப்தின் அல்அஸ்ஹர் பல்கலைக்கழக அறிஞர்களின் கருத்தைக் கேட்டு, ஆட்டமே வாழ்வாதாரமாக உள்ள தொழில்முறை வீரர் நோன்பைத் தள்ளிவைக்கலாம் என்று அந்நாட்டு முஸ்லிம்களின் மத்தியக் குழு அறிவித்தது. 2012 லண்டன் ஒலிம்பிக் கோடைகால ரமலானில் நடந்தபோது பலர் அந்த வழியில் போனார்கள். பிரிட்டிஷ் துடுப்புப்படகு வீரர் மோ ஸ்பிஹி நோன்பைத் தள்ளிவைத்து, மொராக்கோவில் ஏழைகளுக்கு உணவளிக்க ஏற்பாடு செய்தார். ஒலாஜுவானைக் காட்டி இவர்களைக் குறை சொல்வது நியாயமே இல்லை. லண்டனின் ஆகஸ்ட் பகலும் ஹூஸ்டனின் பிப்ரவரிப் பகலும் ஒன்றல்ல. துடுப்பு வலிப்பவரின் உடல் தாங்குவதும் கூடைப்பந்து வீரரின் உடல் தாங்குவதும் ஒன்றல்ல.

அந்த பிப்ரவரி விருதை நோன்புக்குக் கிடைத்த கூலியாகச் சொல்லிவருபவர்கள் நிறையப் பேர். கேட்க இனிமையாக இருந்தாலும் இது நோன்பைச் சிறுமைப்படுத்தும் வாதம். விருது கிடைத்ததால் நோன்பு மெய்யானது என்றால், சோர்ந்து ஆடித் தோற்றிருந்தால் அது பொய்யாகியிருக்குமா? இமாம் கஸ்ஸாலி தம் பெருநூலான இஹ்யாவில் நோன்பை மூன்று படிகளாகப் பிரிக்கிறார். வயிற்றையும் இச்சையையும் அடக்குவது முதல் படி. கண், காது, நாக்கு, கை, கால் ஆகியவற்றைப் பாவத்திலிருந்து காப்பது இரண்டாவது. உள்ளம் இறைவனைத் தவிர வேறெதையும் நாடாதிருப்பது மூன்றாவது. புள்ளிப் பட்டியலால் இவற்றில் எந்தப் படியையும் அளக்க முடியாது. நோன்பாளிக்குத் தேவை நிய்யத், அதாவது உள்ளத்தின் உறுதி. அது விடியலுக்கு முன்பே முடிந்துவிட்ட காரியம்.

இன்னொரு சிக்கல் இதைவிட நுட்பமானது. நோன்பு மறைவான வணக்கம். தொழுபவரைப் பிறர் பார்க்கலாம், தானம் கொடுப்பவரையும் பார்க்கலாம். பசித்திருப்பவரைப் பார்த்து, அவர் நோன்பாளியா என்று சொல்ல இயலாது. அதனாலேயே நோன்பு தனக்கே உரியது என்று இறைவன் சொல்வதாக நபிமொழி உண்டு. ஒலாஜுவானின் நோன்போ ஆயிரக்கணக்கானோர் நடுவில், தொலைக்காட்சிக் கேமரா முன், பத்திரிகைச் செய்தியாக நடந்தது. பிறர் பார்க்கச் செய்யும் வணக்கத்தை முகஸ்துதி என்று மார்க்கம் கடுமையாகக் கண்டிக்கிறது. இந்த ஆபத்திலிருந்து அவர் தப்பினாரா என்பதை வெளியாள் தீர்மானிக்க முடியாது. அதுதான் நோன்பின் இயல்பு. சொல்லக்கூடியது ஒன்று: ஊர் அறிந்துவிட்டது என்பதற்காகக் கடமையை விடுவதும் ஊருக்கு அஞ்சுவதன் இன்னொரு வடிவமே.

பணத்தில் அவர் காட்டிய கண்டிப்பு இந்த வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இன்னும் உதவுகிறது. பெரிய வீரர்களின் பெயரில் நூறு டாலருக்கு மேல் காலணிகள் விற்ற காலத்தில், ஏழைத் தாய்மார்கள் பிள்ளைகளுக்கு அதை எப்படி வாங்கிக் கொடுப்பார்கள் என்று கேட்டு, ஸ்பால்டிங் நிறுவனத்தின் சுமார் 35 டாலர் காலணிக்குத் தம் பெயரைக் கொடுத்தார். நோன்புக்காவது சலுகை உண்டு. மார்க்கம் தடுத்த வட்டிக்குச் சாதாரண வியாபாரத்தில் அப்படி எதுவும் கிடையாது. பலரும் கடன் வாங்கியே நிலம் வாங்கும் அமெரிக்க நிலச் சந்தையில், வட்டிக் கடனைத் தொடாமல் ரொக்கம் கொடுத்து வாங்கி விற்றே அவர் பெரும் செல்வம் சேர்த்தார்.

கடைசிப் பருவத்தை டொராண்டோவில் ஆடிவிட்டு 2002-ல் ஓய்வு பெற்றார். அப்போது அவர் கணக்கில் 26,946 புள்ளிகளும், எதிராளி எறிந்த பந்தைத் தடுத்த 3,830 தடவைகளும் இருந்தன. இரண்டாவது எண் இன்றும் என்.பி.ஏ. சாதனை. ஓய்வுக்குப் பின் ஜோர்டான் நாட்டில் அரபும் மார்க்கக் கல்வியும் பயின்றார். ஹூஸ்டன் நகர மையத்தில் 1928-ல் எழுந்த பழைய வங்கிக் கட்டடத்தையும் அவர் வாங்கியிருந்தார். அது இன்று இஸ்லாமிய தஃவா (மார்க்க அழைப்பு) மையம். காசாளர்கள் உட்கார்ந்த பெரிய மண்டபத்தில் ஜும்ஆத் தொழுகை நடக்கிறது.