நோயின் பெயருக்கு முன்னால் ஒரு சொல்

வாசலில் செருப்பு கிடக்கிறது, உள்ளே டிவி ஓடுகிறது. ஆளைப் பார்க்காமலே ஆங்கிலத்தில் 'ஹீ மஸ்ட் பி அட் ஹோம்' என்று சொல்லலாம். வண்டியைக் காணோம், கதவில் பூட்டு தொங்குகிறது என்றால் 'ஹீ கான்ட் பி அட் ஹோம்'. பலர் இங்கே 'மஸ்ட் நாட்' போடுகிறார்கள். கேட்பவருக்கு அது, வீட்டில் இருக்கவே கூடாது என்ற தடையாகவும் படலாம். கண்ணால் கண்டதற்கு 'இஸ்' போதும். மஸ்ட் எவ்வளவு அழுத்தமாக ஒலித்தாலும் ஊகம்தான். சான்று அரைகுறை என்றால் மே, மைட், குட்.

இந்தச் சொற்கள் நம்மைப் பதறவைக்கும் இடம் ஸ்கேன் ரிப்போர்ட். 'குட் பி', 'மே ரெப்ரசென்ட்' என்று ரேடியாலஜிஸ்ட் எழுதினால், படத்தில் தெரிவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்றுதான் பொருள். அதை விட்டுவிட்டு, அடுத்து வரும் நோயின் பெயரை மட்டும் படித்து இரவெல்லாம் அழுகிற குடும்பங்கள் உண்டு. 'மே'தானே என்று மேற்கொண்டு பரிசோதிக்காமல் விடுவது அதைவிட ஆபத்து.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நோயின் பெயருக்கு முன்னால் நிற்கும் சொல்லையும் படியுங்கள். அதைக் காட்டியே டாக்டரிடம் விளக்கம் கேளுங்கள்.