சுதர்மையின் முகட்டுக்கட்டை



ஒருவன் தன் வீட்டைப் பெருக்கித் தூய்மையாக வைத்துக்கொண்டு, குப்பையைத் தெருவிற் கொட்டுவானாயின், அவனைத் தூய்மையுடையவன் என்று கூறுவோமா? கூறமாட்டோம். அங்ஙனமே, தான் பிறந்த சேரி எக்கேடு கெட்டாலும் கெடுக என்று விட்டுத் தன் மனத்தை மட்டும் செம்மை செய்யப் புறப்படுபவனும் புத்த தர்மத்தை முற்றும் கைக்கொண்டவன் ஆகான். பாழ்பட்ட குடியிருப்பைப் பண்படுத்துவது தர்மத்தின் ஒரு பகுதியே. அதனை எம்முறையிற் செய்வது? அதில் யார் யாருக்குப் பங்கு வேண்டும்? இதுவே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள்.

ஜாதகக் கதைகளுள் குலாவக ஜாதகம் என்று ஒன்று உண்டு. மகத நாட்டில் மசலம் என்னும் சிற்றூர். அதில் வாழ்ந்தவை முப்பது குடும்பங்கள். அவ்வூரில் மகமாணவன் என்னும் பெயருடன் போதிசத்துவர் பிறந்திருந்தார். ஒருநாள் ஊர்க்கூட்டத்தில், தாம் நின்ற இடத்துப் புழுதியைக் காலால் ஒதுக்கி அவ்விடத்தைச் செம்மை செய்தார். உடனே வேறொருவன் வந்து அங்கே நின்றுகொண்டான். அவர் சினவாது வேறோர் இடத்தைச் செம்மை செய்தார். அதனையும் மற்றொருவன் பற்றிக்கொண்டான். இங்ஙனம் இடம் விட்டு இடம் துடைத்து, முடிவில் அனைவரும் நிற்கும் களம் முழுவதையும் அவர் தூய்மையாக்கிவிட்டார். அது கண்ட ஊரார் அவருடன் சேர்ந்தனர். பாதையிற் கிடந்த கற்களை அகற்றினர், பாலம் அமைத்தனர், குளம் தோண்டினர், குடியையும் கொலையையும் கைவிட்டனர்.

இதனால் வருந்தியவன் ஒருவன் உண்டு, அவன் ஊர்த்தலைவன். மக்கள் குடித்துச் சண்டையிட்ட காலத்தில் கள்விலையாலும் தண்டத்தாலும் அவனுக்கு வரும்படி இருந்தது. அது நின்றுபோகவே, இவர்கள் கொள்ளையர் என்று அரசனிடம் கோள் மூட்டினான். அரசன் விசாரியாமல் யானையால் மிதிக்கச் செய்ய ஆணையிட்டான். யானை அவர்களை அணுகாது பிளிறி ஓடிற்று. உங்களிடம் உள்ள மந்திரம் யாது என்று அரசன் வினவியபோது, உயிர்க்கொலை செய்யாமையும், வழியைச் செப்பனிடுதலும், குளம் தோண்டுதலும், அன்பு பாராட்டுதலுமே எங்கள் மந்திரம் என்று மகமாணவன் விடையிறுத்தார். பாழ்பட்ட இடத்தால் பயன் பெறுவோர் எக்காலத்தும் உளர் என்பதை இக்கதையிலிருந்து அறிக.

இது பழங்கதை, இக்காலத்துக்கு ஏற்குமோ என்று ஐயுறுவோர்க்கு, நம் தமிழர் ஒருவரின் வாழ்க்கையை எடுத்துக் கூறுவேன். கோலார் தங்கவயல் நமக்குப் புதிய பெயரன்று. பண்டித அயோத்திதாசர் 1898-ஆம் ஆண்டிற் சென்னையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு அங்கே மாரிக்குப்பத்திற் கிளை இருந்தது. அந்தத் தங்கவயலில் 1946-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோக்கின் அற்புதம். அவர் பௌத்தர் அல்லர். ஆயினும் நற்செயல் யாரிடத்து விளங்கினும் அதனைக் கண்டு மகிழ்வது நம் நெறி. இளமையிற் பம்பாய்க்குப் பிழைக்கச் சென்ற அவர் தச்சுவேலை செய்து, ஜனதா காலனி என்னும் சேரியில் வாழ்ந்தார். ஏறத்தாழ 70,000 மக்கள் நெருங்கி வாழ்ந்த அவ்விடத்திற் குப்பை அள்ளுவோர் இல்லை. அவர் சிறுவர்களைத் திரட்டினார். ஒவ்வொரு பிள்ளையும் குப்பையைப் பொட்டலமாகக் கட்டி எடுத்துச் சென்று நகராண்மை அலுவலகத்தின் முன் குவித்தது. கல்லெறியவில்லை; வசைமொழியும் இல்லை. உங்கள் கடமை இது என்று குப்பையே பேசிற்று.

எனினும், மகமாணவனுக்கு நேர்ந்த சோதனை அவருக்கும் நேர்ந்தது. 1976-ஆம் ஆண்டு, நெருக்கடி நிலைக் காலத்தில், ஜனதா காலனி முழுவதும் இடித்துத் தள்ளப்பட்டது. மக்கள் சீத்தா கேம்ப் என்னுமிடத்துக்கு அகற்றப்பட்டனர். அவர்கள் உழைத்துப் பண்படுத்திய இடம் அவர்களுடையது ஆகவில்லை. உழைப்பு மட்டும் போதாது, இடத்தில் உரிமையும் முடிவில் வாக்கும் வேண்டும் என்பது அன்று கண்கூடாயிற்று. அற்புதம் அவர்கள் முன்னின்று வளர்த்த தேசியச் சேரிவாசிகள் கூட்டமைப்பு இவ்வுணர்விலேயே வேரூன்றிற்று. 2000-ஆம் ஆண்டில் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 2018-ல் அவர் மறைந்தார்.

மீண்டும் மசலத்துக்குத் திரும்புவோம். ஊரார் நாற்சந்தியில் வழிப்போக்கர் தங்க ஒரு பெரிய மண்டபம் எழுப்பத் தொடங்கினர். ஆனால் அப்புண்ணியத்திற் பெண்களுக்குப் பங்கில்லை என்று முடிவு செய்துவிட்டனர். அவ்வூரிற் சுதர்மை என்றொரு பெண்மணி இருந்தாள். அவள் தச்சனைக் கண்டு பேசி, மண்டபத்துக்குரிய முகட்டுக்கட்டையை முன்னதாகவே செய்வித்து, நன்கு உலர்த்தித் தன் வீட்டில் வைத்திருந்தாள். கைமரங்கள் எல்லாம் ஏறிய பின்னர், அவற்றை ஒருங்கே பிணிக்கும் முகட்டுக்கட்டை இல்லையே என்றான் தச்சன். பச்சை மரம் உதவாது; உலர்ந்த கட்டையே வேண்டும். தேடித் திரிந்தவர்கள் அதனைச் சுதர்மையின் வீட்டிற் கண்டனர். எவ்வளவு விலை என்றனர். விலை வேண்டா, பங்கு வேண்டும் என்றாள் அவள். அவர்கள் தயங்கினர். பெண் இல்லாத உலகம் எங்கே உளது, வாங்கிக்கொள்ளுங்கள் என்று தச்சன் இடித்துரைத்த பின்னரே பங்கு கொடுத்து மண்டபத்தை முடித்தனர்.

அன்பர்களே! விலை வேண்டா, பங்கு வேண்டும் என்ற அவளது கருத்தை உள்ளத்திற் பதித்துக்கொள்ளுங்கள். விலை பெற்றவன் அன்றோடு அயலான் ஆகிவிடுகிறான். பங்கு பெற்றவன் என்றும் உரியவனாக நிற்கிறான். இந்நாளில் நகரச் சேரிகளுக்கு ஈட்டுத்தொகை கொடுத்து மக்களைத் தொலைவுக்கு அனுப்பிவிடுவதும் உண்டு. தெருவைச் செப்பனிட்டு விளக்கேற்றிய பின் வாடகை உயர்ந்து, அதுவரை சேற்றில் வாழ்ந்தவர்களே வெளியேற நேரிடுவதும் உண்டு. இடம் உயர்கிறது, மக்கள் உயரவில்லை. இதனை ஊர் செழித்தது என்று எங்ஙனம் கூறுவது?

பம்பாயிற் சுதர்மைகள் பலர் தோன்றினர். 1985-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பால் நடைபாதைவாசிகள் எந்நாளும் அகற்றப்படலாம் என்ற அச்சம் சூழ்ந்தது. அப்போது பைகுல்லா நடைபாதைகளில் வாழ்ந்த ஏழைப் பெண்கள் 1986-ல் மகிளா மிலன் என்னும் அமைப்பைக் கண்டனர். நாள்தோறும் ஒரு பெண் வீடு வீடாகச் சென்று, ஒரு ரூபாயாயினும் இரண்டு ரூபாயாயினும், இயன்றதைப் பெற்றுக் கணக்கில் வைப்பாள். கொடுக்க இயலாத வீட்டுக்கும் அவள் செல்லத் தவறுவதில்லை. ஏன் இயலவில்லை என்று அறிவதும் அவள் கடமை. இதனால் நோயுற்றவளும் வேலையிழந்தவளும் ஊராரின் கண்ணுக்குத் தெரிந்தார்கள். சேமிப்பிலிருந்தே அவசரக் கடன் கிடைத்தது. வட்டிக்காரனின் பிடி தளர்ந்தது. எழுத்தறியாத பெண்களும் தங்களுக்கு ஏற்ற வீடு எத்தன்மையது என்று கலந்து பேசி, முழு அளவில் மாதிரி வீடுகளை நிறுவி அதிகாரிகளுக்குக் காட்டினர். ஏறத்தாழ இருபது ஆண்டுப் பொறுமைக்குப் பின் அக்குடும்பங்களுட் பல மான்குர்த் பகுதியில் உறுதியான வீடுகளிற் குடியேறின.

இங்கே ஒரு வினா எழும். ஏழையின் ஒரு ரூபாயை வாங்கித்தான் ஊரைத் திருத்த வேண்டுமா? வரி வாங்கும் அரசுக்குக் கடமை இல்லையா? நல்ல வினா. இதற்குப் பகவான் புத்தர் கூடதந்த சூத்திரத்தில் விடையளித்துள்ளார். நாட்டிற் கொள்ளை மிகுந்தபோது, தண்டனையால் அதனை ஒழிக்க இயலாது என்று ஓர் அரசனுக்கு அறிவுரை கூறப்பட்டது. உழவனுக்கு விதையும், வணிகனுக்கு முதலும், பணியாளனுக்கு ஊதியமும் கொடுக்குமாறு அவ்வறிவுரை அமைந்தது. அரசன் அங்ஙனமே செய்ய, மக்கள் கதவைத் தாழிடாமல், குழந்தைகளைக் கொஞ்சி மகிழ்ந்து வாழ்ந்தனர். எனவே முதல் தருவது அரசின் கடன். அதனை நம் சேமிப்பு தள்ளுபடி செய்வதில்லை. ஆனால் அம்முதல் சிதறாமல் தங்குவதற்கு ஊராரின் கூட்டு வேண்டும். ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீரால் யாது பயன்?

இவ்விரண்டும் இணைந்த இடங்கள் உள. பௌத்த நாடாகிய தாய்லாந்தில் 2003-ஆம் ஆண்டு தொடங்கிய பான் மன்கோங் என்னும் திட்டத்தில், அரசின் கடன் தனி ஆளுக்கன்றிச் சேமிப்புக் குழுவுக்கே அளிக்கப்படுகிறது. மனைகளையும் தெருக்களையும் குடியிருப்போரே திட்டமிடுகின்றனர். நம் நாட்டிற் பூனா நகராண்மை 1999-ஆம் ஆண்டு முதல் சேரிகளில் 400-க்கு மேற்பட்ட பொதுக் கழிப்பிடங்களைக் கட்டுவித்தது. கட்டும் செலவு நகராண்மையுடையது. மகிளா மிலன் பெண்கள் அவற்றுட் பலவற்றை வடிவமைத்துக் கட்டும் பொறுப்பையும் ஏற்றனர். பெண்களுக்குத் தனி வரிசை, சிறு குழந்தைகளுக்குத் தனி இடம், காவலர் குடும்பம் தங்க ஓர் அறை ஆகியவற்றை அவர்கள் கருதி அமைத்தனர். குடும்பங்கள் மாதந்தோறும் தரும் சிறு தொகையால் பராமரிப்பு நடைபெற வழி செய்யப்பட்டது.

சௌல்தாரி அன்பர்களே! நம்முடையது சிற்றூராயிற்றே, நகரச் சேரியின் கதை நமக்கு எதற்கு என்று நீங்கள் எண்ணலாம். 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேர் நமக்கு அண்மையில்தான் உளது. நம் பிள்ளைகள் வேலை நாடிச் செல்வது அங்கேதான். மலைச்சரிவுகளில் நெருங்கிய குடிசைகளும், கோடையில் குடத்துடன் நிற்கும் வரிசையும் நாம் காணாதவை அல்ல. மேலும் இத்தீவுகளே ஒரு சான்று. மணிமேகலை நல்லாள் அமுதசுரபியேந்திச் சென்று, சோழ மன்னனிடம் பொன்னையும் பொருளையும் வேண்டாது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டினாள் என்பதை அறிவீர்கள். இங்கே 1906-ல் கட்டி முடித்த செல்லுலார் சிறையின் வளாகத்திலேயே 1963-ல் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை அமைந்தது. கண்ணீர் சிந்திய இடத்திற் பிணி தீர்க்கும் பணி நடைபெறலாயிற்று. ஆதலின் எந்த இடமும் திருந்தாத இடம் என்று கூறுவதற்கில்லை.

அன்பு மிகுதியாற் கூறும் கடுஞ்சொல் ஒன்றைப் பொறுத்தருள்க. மசலத்தில் நந்தை குளம் வெட்டினாள். சித்திரை சோலை வளர்த்தாள். சுஜாதை என்பாளோ எதிலும் சேராமல் தன்னை அழகு செய்துகொண்டிருந்தாள். அவள் மறுபிறப்பிற் கொக்காகப் பிறந்தாள் என்பது கதை. படித்துப் பதவி பெற்று, பழைய தெருவின் பெயரைச் சொல்லவும் கூசும் நம்மவர் சிலர் சுஜாதையின் வழியில் நிற்கின்றனர். பாபாசாகேப் அம்பேத்கர் 1956-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆக்ராவில், படித்தவர்கள் தம் மக்களை மறந்தனர் என்று மனம் நொந்து பேசினார். அதே ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் அவர் காட்டிய வழியில் நாம் வந்தோம். அவர் கொண்ட வருத்தத்துக்கு நாமும் காரணர் ஆகலாமா?

செய்யத்தக்கது அரிய செயலன்று. வாரந்தோறும் கூடி, இயன்ற சிறு தொகையைச் சேமியுங்கள். கணக்குப் புத்தகத்தைப் பெண்களிடம் ஒப்படையுங்கள். ஊரிலுள்ள வீடுகளை நீங்களே எண்ணி எழுதுங்கள். பட்டா இல்லாதவர், ராஞ்சியிலிருந்து வந்த உழைப்பாளர் வழியினர், நேற்று வந்த கூலியாள் ஆகிய எவர் வீடும் அக்கணக்கில் விடுபடல் ஆகாது. நம்மைச் சேரிக்கு வெளியே நில் என்று ஒதுக்கியவர்களை நாம் மறக்கவில்லை. அங்ஙனமாக, நம் மண்டபத்தின் வாயிலில் நின்று பிறரை ஒதுக்குவோமாயின், நாம் மாற்றிக்கொண்டது பெயரை மட்டுமே ஆகும். அதன்பின் அக்கணக்குடனும் சேமிப்புடனும் பஞ்சாயத்தையும் அதிகாரிகளையும் அணுகி, உரியதைக் கேளுங்கள். கை ஏந்துபவர் குரலும் பங்குடையவர் குரலும் ஒன்றாகா.

பண்டித அயோத்திதாசர் 1907-ல் தொடங்கிய இதழின் பெயர் ஒரு பைசாத் தமிழன். பைசா சிறிது, அதனைக் கொடுத்து வாங்கிய ஏழைத் தமிழன் அடைந்த தன்மதிப்புச் சிறிதன்று. இன்று நம் தெருவில் எந்த வீட்டில் எந்தச் சுதர்மை முகட்டுக்கட்டையை உலர்த்தி வைத்துக் காத்திருக்கிறாளோ, நாம் அறியோம். ஒரு வீட்டையும் விடாது கதவைத் தட்டுவோமாக. அவளும் சேர்ந்த அன்றுதான் நம் மண்டபத்துக்குக் கூரை நிற்கும்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க! சாது! சாது! சாது!