அரண்மனைக்குள் ஆட்சியர் அலுவலகம்

திங்கட்கிழமை காலையில் இலுப்பூரிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் பேருந்தில், மடியில் மனுவோடு அமர்ந்திருப்போர் சிலரையேனும் காணலாம். பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, குளத்து ஆக்கிரமிப்பு என்று குறைகள் பலவாக இருக்கும். அவர்கள் சென்று சேரும் இடம் ஒன்றுதான்: மாவட்ட ஆட்சியர் அலுவலகம். அது இயங்குவது தொண்டைமான் மன்னரின் அரண்மனையில். மன்னர் வாழ்ந்த வாயிலைக் கடந்து, ஆங்கிலேயர் படைத்த ஒரு பதவியின் முன் நம் குடிமகன் கைகூப்பி நிற்கிறான். 1947இல் நிகழ்ந்தது புரட்சியா, வெறும் கைமாற்றமா என்ற வினா எழும்போதெல்லாம் எனக்கு இக்காட்சியே நினைவுக்கு வரும். கைமாற்றம்தான் என்பார்க்கு இது போதுமான சான்று. நான் அவ்வாறு முழுமையாகக் கருதவில்லை.

புதுக்கோட்டைச் சீமை புரட்சிக்குப் பேர்போன மண் அன்று. 1799இல் வீரபாண்டியக் கட்டபொம்மன் திருக்களம்பூர்க் காட்டில் பிடிபட்டுக் கும்பினியாரிடம் ஒப்படைக்கப்பட்டது இங்குதான். ஆங்கிலேயர்க்குக் கப்பம் கட்டாத சமஸ்தானமாக இச்சீமை நிலைத்திருந்தது. நவராத்திரி நாள்களில் அரிசியோடு அம்மன் காசும் தானமாக வழங்கப்பட்டது. பெறுகிறவன் கை தாழ்ந்தே இருக்க வேண்டும் என்பது அக்கால ஒழுங்கு. 1948 மார்ச் 3ஆம் நாள் இந்தச் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. துப்பாக்கி வெடிக்கவில்லை. மன்னர் மானியங்கள் 1971இல் அரசியலமைப்பின் 26ஆம் திருத்தம் வரும்வரை தொடர்ந்தன. பிரான்சு நாட்டார் 1793இல் தம் மன்னனின் தலையை வெட்டியதை எண்ணினால், நம்முடையது மிக மென்மையான மாற்றம். இரத்தம் சிந்தாமையை ஒரு குறையாகச் சொல்லக் கிறிஸ்தவன் ஒருவனால் இயலாது. (வடக்கே பிரிவினையில் சிந்திய இரத்தம் வேறு கதை. அது அரியணைக்கு எதிராகச் சிந்தியதன்று.)

ஆனால், மென்மையோடு கூடவே பழமையும் உள்ளே நுழைந்துவிட்டது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமும் 1861ஆம் ஆண்டின் காவல்துறைச் சட்டமும் அப்படியே தொடர்ந்தன. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டத்திலிருந்து நம் அரசியலமைப்பு எடுத்துக்கொண்ட பகுதிகள் ஏராளம். திலகரையும் காந்தியடிகளையும் சிறைக்கு அனுப்பிய அரசத் துரோகப் பிரிவான 124அ, சுதந்திர நாட்டில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தது. 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டம் விடைபெற்ற பின்னரும், அப்பிரிவின் சாயல் புதிய சட்டத்தின் 152ஆம் பிரிவில் தெரிவதாகச் சட்டம் அறிந்தோர் பலர் கூறுகின்றனர். எகிப்தைக் கடந்து வந்த இஸ்ரயேலரின் வழித்தோன்றல்கள், மற்ற இனத்தார்க்கு இருப்பதுபோல் தமக்கும் ஓர் அரசன் வேண்டுமென்று சாமுவேலிடம் வந்து நின்றதை நாம் விவிலியத்தில் வாசிக்கிறோம். அரசன் வந்தால் உங்கள் பிள்ளைகளையும் வயல்களையும் எடுத்துக்கொள்வான் என்று அவர் எச்சரித்தார், கேட்டாரில்லை. அடிமைத்தனம் கற்பித்த ஆட்சிமுறையே ஆட்சிமுறை என்ற எண்ணம் விடுதலைக்குப் பிறகும் எளிதில் அகல்வதில்லை.

இதனாலன்றோ பெரியார் 1947 ஆகஸ்டு 15ஐத் துக்க நாள் என்றார்! அந்நியன் நீங்கியபின் மேல்சாதியின் ஆதிக்கமே மிஞ்சும் என்பது அவருடைய அச்சம். அவர்தம் தளபதியாக விளங்கிய அண்ணா, அந்நாளை மகிழ்ச்சிக்குரியதாகவே கொண்டார். பெரியாரின் அச்சத்தில் உண்மை நிறைய இருந்தது. ஆயினும் இவ்விருவரில் நான் அண்ணாவின் பக்கம்.

அதற்குக் காரணம் வாக்குச்சீட்டு. சமத்துவம் பேசிய 1776ஆம் ஆண்டின் அமெரிக்கப் புரட்சி அடிமைகளை அடிமைகளாகவே விட்டது. பெரும்பாலான மாநிலங்களில் சொத்துடைய ஆடவர்க்கே வாக்குரிமை. நாடு முழுவதும் பெண்களுக்கு அது கிட்டியது 1920இல். சுவிட்சர்லாந்துப் பெண்கள் தம் நாட்டின் பொதுத் தேர்தலில் வாக்களிக்க 1971வரை காத்திருந்தனர். இங்கோ, நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே எழுத்தறிந்த காலத்தில், 1951-52ஆம் ஆண்டுத் தேர்தலில், 17 கோடிக்கு மேற்பட்டோர் வாக்காளர் ஆயினர். பண்ணையாருக்கும் ஒரு வாக்கு. அவர் களத்தில் நெல் அடித்தவளுக்கும் ஒரு வாக்கு. தன் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிய முன்வந்த ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பெயர்கள், பெரும்பாலும் வட மாநிலங்களில், அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. கொடுமையான செய்திதான். எனினும், நாட்டின் குடியாக இருக்க உனக்கென ஒரு பெயர் வேண்டும் என்று அரசு முதன்முதலாக அப்பெண்களிடம் சொன்னதும் அப்போதுதான். பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் வைக்கப்பட்ட புதிய கல் இது.

கல்லை வைத்தபின் வேலை நின்றுவிட்டது. அரசியலில் சமத்துவம், சமூக வாழ்விலும் பொருளியலிலும் ஏற்றத்தாழ்வு என்ற முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்று அம்பேத்கர் 1949 நவம்பர் 25இல் அரசியலமைப்புப் பேரவையில் எச்சரித்தார். நம் மாவட்டத்தில் அந்த வேலை மீண்டும் தொடங்கியதை நாமே கண்டோம். 1991இல் பரவிய அறிவொளி இயக்கத்தில் எழுதப் படித்த பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றனர். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினர்; கேலி பேசியவர்கள் பேசி ஓய்ந்தனர். கல்குவாரியில் ஒப்பந்தக்காரர்களிடம் கொத்தடிமைபோல் ஜல்லி உடைத்த பெண்கள் ஒன்றுகூடிக் குத்தகையைத் தாமே எடுத்தனர். இவ்வியக்கத்தை முன்னின்று ஊக்கியது, ஆங்கிலேயர் விட்டுச்சென்ற அதே ஆட்சியர் பதவி!

அப்பதவியைக் குறித்த இன்னொரு செய்தி அண்மைக் காலத்தது. அன்னவாசல் ஒன்றியத்தைச் சேர்ந்த வேங்கைவயலில், பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. செய்தவர் யார் என்பது வழக்குக்கு உட்பட்டது. அதனுள் நான் செல்லவில்லை. விசாரிக்கச் சென்ற பெண் ஆட்சியரிடம் அம்மக்கள் கூறிய மற்றவற்றையே எண்ணுகிறேன். அருகிலுள்ள இறையூரில் அய்யனார் கோயிலுக்குள் அவர்களுக்கு இடமில்லை. தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை. ஆட்சியர் அவர்களைத் தாமே கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்து அப்போது 72 ஆண்டுகள் கடந்திருந்தன.

கோயில் அவர்களுடையது என்று நாம் பெருமூச்சோடு நகர்ந்துவிட முடியாது. அரசியலமைப்புப் பேரவையில் இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா அடிகளார் நம் பொருட்டு அமர்ந்திருந்தார். சமயத்தைப் பரப்பும் உரிமை 25ஆம் பிரிவில் இடம்பெற்றது. நம்மவர் தனி இட ஒதுக்கீட்டை வலியுறுத்தாமல், நாட்டை நம்பினர். அடுத்த ஆண்டிலேயே, 1950 ஆகஸ்டு 10ஆம் நாளின் குடியரசுத் தலைவர் ஆணை, தன் மூன்றாம் பத்தியால் தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. சீக்கியர் அனைவர்க்கும் 1956இலும், பௌத்தர்க்கு 1990இலும் கதவு திறந்தது. அப்பத்தியை நீக்குமாறு ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்த பின்னரும் அது நீடித்தது. கண்ணியமான புரட்சி ஒன்று, தான் விடுவிக்கப் புறப்பட்டவர்களில் ஒரு பிரிவினரை, அவர்கள் செபிக்கும் இடத்தைக் காரணங்காட்டி விட்டுச்சென்றது.

இதற்காக நாம் ஊர்வலம் போகிறோம், கறுப்பு நாள் கடைப்பிடிக்கிறோம், நியாயமே. எனினும், கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே, பின் எதற்குச் சலுகை என்று கேட்பவனுக்கு மறுமொழி கூறும்போது நம் நா சற்றுத் தடுமாறத்தான் செய்கிறது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவரிடையே நிலவும் சாதி வேற்றுமையைக் கடுமையாகக் கண்டித்தார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனக் கொள்கை அறிக்கையே வெளியிட்டது. மாலைதோறும் மரியாவின் பாடலைச் சொல்லி, வலியோர் அரியணையிலிருந்து இறக்கப்படுவதைக் கொண்டாடும் நாம், தேர்த் திருவிழாவில் எந்தத் தெரு வரை தேர் செல்லும் என்பதில் மட்டும் பழைய சமஸ்தானத்தார் ஆகிவிடுகிறோம். மூன்றாம் பத்தியை நீக்க நாடாளுமன்றம் கூட வேண்டும். கல்லறைத் தோட்டத்தின் நடுவே நிற்கும் சுவரை இடிக்கவோ, தேர் செல்லும் வழியை மாற்றவோ, பங்குப் பேரவை ஒரு மாலை கூடினால் போதும்.