போதுங் கண்ணு

நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்தத் தையல்காரர் ரேடியோவை ஏன் நிறுத்தினார் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

1980. கே.பி. சுந்தராம்பாள் இறந்துபோன வாரம். அவருக்குச் சொந்த ஊர் கொடுமுடி, எங்கள் ஊர் அதற்குப் பக்கம். அதனால் சாவு அடுத்த வீட்டில் விழுந்த மாதிரிதான் இருந்தது. எனக்குப் பதினொரு வயது. அம்மா கொடுத்தனுப்பிய ரவிக்கைத் துணியோடு கடை வாசலில் நிற்கிறேன். உள்ளே மர்ஃபி ரேடியோவில் அவர் குரல். ‘திருவிளையாடல்’ படத்தில் ஔவையாக வந்து, கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனைச் சமாதானப்படுத்துவாரே, அந்தப் பாட்டு. குரல் மேலே ஏறுகிற சமயம் பார்த்து, தாத்தா மிஷினை விட்டு எழுந்து வந்து குமிழைத் திருகினார். சட்டென்று அல்ல. விளக்குத் திரியை இறக்குவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகக் குரலை இறக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு ‘டிக்’.

“ஏந் தாத்தா நிறுத்திட்டீங்க?”

“போதுங் கண்ணு.”

அவ்வளவுதான் நடந்தது.

அவருக்குச் சுந்தராம்பாளைப் பிடிக்காது என்றால் விஷயம் முடிந்துவிடும். ஆனால் அந்த வாரம் முழுக்கக் கிழவர்கள் கூடியது அந்தக் கடைத் திண்ணையில்தான். பேப்பர்காரர்கள் மேலவை உறுப்பினராக இருந்தார், ‘துணைவன்’ படத்துக்குத் தேசிய விருது வாங்கினார், 1970இல் பத்மஸ்ரீ என்று எழுதினார்கள். திண்ணையில் அதெல்லாம் யாருக்கும் பொருட்டில்லை. அங்கே ஒரே பேச்சு, குரல் எவ்வளவு தூரம் கேட்டது என்பது. மைக் இல்லாத காலம். கொட்டகைக்கு வெளியே அவிழ்த்துவிட்ட வண்டிக்கடியில் படுத்திருந்தவனுக்கும் எழுத்தெழுத்தாகக் கேட்டது என்றார் ஒருவர். அரை மைல் என்றார் அடுத்தவர். சனிக்கிழமைக்குள் அந்தக் குரல் காவிரியைத் தாண்டி அக்கரைக்குப் போய்விட்டது. தாத்தா மட்டும் எந்தத் தூரமும் சொல்லவில்லை. காஜா எடுத்துக்கொண்டிருந்தார். வாலிபத்தில் அவர் ஸ்பெஷல் நாடகம் எங்கே நடந்தாலும் நடந்தே போய்ப் பார்த்தவர், கணவர் கிட்டப்பாவோடு சுந்தராம்பாள் வள்ளி வேஷம் கட்டியதை மூன்று தடவை பார்த்தவர் என்று மற்றவர்கள்தான் சொன்னார்கள்.

ஸ்பெஷல் நாடகம் என்றால் இன்றைக்கு விளக்க வேண்டியிருக்கிறது. கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து, ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, ஆர்மோனியக்காரர் வேறெங்கிருந்தோ வந்து அன்று ராத்திரி மேடையில்தான் சந்திப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த ‘வள்ளி திருமணம்’ எல்லோருக்கும் மனப்பாடம். மற்றதெல்லாம் அந்த இடத்தில் பிறப்பது. ஒருவர் ஒரு சங்கதி போட்டால் எதிராளி அதைப் பிடித்துக்கொண்டு மேலே போக வேண்டும், ஜனம் ‘ஒன்ஸ் மோர்’ என்று கத்த வேண்டும், விடிய வேண்டும். இசைத்தட்டில் இதை அடைத்தபோது ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் கிடைத்தது. ஆகவே தாத்தா கேட்டது கடல், ரேடியோ கொடுத்தது சொம்புத் தண்ணீர், அதனால்தான் ‘போதும்’ என்றார் என்று கல்லூரி நாட்களில் முடிவு செய்திருந்தேன். நண்பர்களிடம் அப்படியே சொல்லிப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

இப்போது அதில் நம்பிக்கையில்லை. வெறும் அலட்சியம் என்றால் குமிழை ஒரே திருகாகத் திருகியிருப்பார்.

என் அம்மிச்சி வெள்ளைச் சீலைக்காரி. சுந்தராம்பாள் படம் எங்கே கண்ணில் பட்டாலும், “எங்களுக்கெல்லாம் ஊரு கட்டியுட்ட சீலை. அந்தம்மா தானாக் கட்டிக்கிட்ட சீலை” என்பாள். கிட்டப்பா 1933 டிசம்பரில் போனபோது சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து வயதை ஒட்டி இருக்கும். அன்றைக்கு உடுத்திய வெள்ளையைக் கடைசிவரை மாற்றவில்லை. எந்த நடிகரோடும் ஜோடியாக நடிக்கவுமில்லை. 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே ஆண்வேடம் கட்டினார், லட்ச ரூபாய் சம்பளம் என்று ஊரெல்லாம் வாய்பிளந்தது. 1953இல் எஸ்.எஸ். வாசன் எடுத்த ‘ஔவையார்’. அப்போது வயது நாற்பத்தைந்துதான், ஆனால் அதற்கப்புறம் நமக்கு அவர் கிழவியாகவே நிலைத்துவிட்டார். அம்மிச்சி சொன்னதில் பாதிதான் சரி என்று தோன்றும். தானாகத்தான் கட்டிக்கொண்டார், அப்புறம் ஊர் அதைக் கும்பிட ஆரம்பித்துவிட்டது. கும்பிடுகிறவர்களுக்கு முன்னால் சீலையை மாற்றுவது லேசா? அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன. எப்போதோ படித்தது. வாசகங்கள் மறந்துவிட்டன. கோபமும் மானமும் ஏக்கமுமாக ஒரு சின்னப் பெண் அதற்குள் இருந்தாள் என்பது மட்டும் மறக்கவில்லை. திருநீற்றுப் பட்டையும் வெண்கலக் குரலுமாக நான் அறிந்த அம்மாளுக்கு அவள் என்ன உறவு என்று அன்று திகைத்தேன்.

அந்தக் கடிதங்களுக்குப் பிறகு தாத்தா வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்த சுந்தராம்பாள் பிறக்கும்போதே கிழவி. அவருக்குத் தெரிந்தவளோ தினைப்புனத்தில் பரண் மேல் ஏறிக் கவண் சுற்றிக் கிளி விரட்டிய இருபது சொச்சம் வயதுப் பெண். அவளைப் பார்க்க ஆறேழு மைல் நடந்த அவருக்கும் அன்று அதே வயதுதான் இருந்திருக்கும். ரேடியோவில் ஔவை பாடப் பாட, உள்ளே வள்ளியின் குரல் அமுங்கிக்கொண்டு வந்ததோ என்னவோ. ஒரு கிழவியைத் தூங்கவைப்பதுபோல அப்படி மெதுவாக இறக்கியது, மற்றவளைக் கேட்பதற்காக இருக்கலாம்.

எழுதும்போதே சந்தேகமாக இருக்கிறது. இது தாத்தாவின் துக்கமா, அவரிடம் நான் கொண்டுபோய் வைக்கிற என்னுடைய துக்கமா? மேடையில் சுந்தராம்பாளைக் கேட்ட காதுகளில் அநேகமாக எதுவும் இன்று மிச்சமிருக்காது. நான் செல்போனில் கேட்கிறேன். அந்த ஔவையைத்தான் நேசிக்கிறேன், அவர் குரல் ஏறும்போது எனக்கும் தொண்டை அடைக்கிறது. அது பொய்யில்லை. ஆனால் நானும் தாத்தாவும் ஒரே மனுஷிக்காகத்தான் அழுதோம் என்று சத்தியம் செய்ய முடியாது. தாத்தா அழவும் இல்லை.

அவரிடம் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். ஆறு வருடம் கேட்காமலே அந்தக் கடையில் கால்சட்டை தைத்துப் போட்டேன்.

சமீபத்தில் இன்னொன்று தோன்றி அரித்துக்கொண்டிருக்கிறது. நான் ரவிக்கைத் துணியோடு வாசலில் நின்றேன். அளவு என்ன, எப்போது வேண்டும் என்று என்னிடம் கேட்க வேண்டியிருந்தது. பாட்டு சத்தத்தில் பேச முடியாது என்றுகூட நிறுத்தியிருக்கலாம். அப்புறம் அவர் அளவு கேட்டாரா? எவ்வளவு யோசித்தும் அது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.