பனிக்கண்டத்துக்கு முன்பணம் கட்டுமுன்

அன்டார்க்டிகா கப்பலில் இடம் பிடிக்க முன்பணம் கட்டப்போகிறவர்களே, ஒரு நாள் பொறுங்கள். கட்டுமுன் யோசிக்க வேண்டியவை சில உண்டு.

நீங்கள் போகும் கரையில் காவல் நிலையம் இல்லை. 1959இல் கையெழுத்தான அன்டார்க்டிக் ஒப்பந்தமும், 1991இல் எழுதப்பட்ட சுற்றுச்சூழல் உடன்படிக்கையும் அந்த நிலத்தைக் காக்கின்றன. நம் நாடும் 2022இல் அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. ஆனால் ஒரு பென்குயினுக்கும் உங்களுக்கும் நடுவே அந்த நிமிடத்தில் நிற்பது வழிகாட்டியின் குரலும் உங்கள் மனச்சாட்சியும் மட்டும்தான்.

போகத்தான் வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கப்பல்கள் கக்கும் கரித்துகள் பனிமேல் படிந்து அதைக் கருக்கி உருக்குகிறது. ஒவ்வொரு பயணியின் பங்குக்கும் ஏறத்தாழ 83 டன் பனி உருகுகிறது என்று 2022இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதைத் தெரிந்துகொண்டும் போவதென்றால், பொறுப்போடு போங்கள்.

கப்பலைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி அறம் அடங்கிவிடுகிறது. 500 பயணிகளுக்கு மேல் ஏற்றும் கப்பல் யாரையும் கரையிறக்கக் கூடாது. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் நிற்கவும் கூடாது. இந்த விதிகளை வகுத்து நடத்தும் சங்கத்தில் உங்கள் நிறுவனம் உறுப்பினரா என்று முகவரிடம் கேளுங்கள். மழுப்பினால் வேறிடம் பாருங்கள். விலை குறைவு என்பதற்காக மட்டும் கப்பலைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அடுத்தது உங்கள் பெட்டி. காட்டுப்பக்கம் போய்வந்தால் வேட்டிக் கரையில் புல்விதை ஒட்டிக்கொள்வது போலத்தான் பனிக்கோட்டின் வெல்குரோ பட்டையிலும், கேமரா பையின் மூலையிலும், காலணியின் பள்ளங்களிலும் அது ஒளிந்திருக்கும். கிங் ஜார்ஜ் தீவில் போலந்து ஆய்வு நிலையத்தின் பக்கத்தில் 1980களில் முளைத்தது, உலகெங்கும் காணும் சாதாரணமான ஒரு புல். அதை ஒழிக்க ஆய்வாளர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வீட்டிலேயே தூசி உறிஞ்சியை எடுத்துப் பைகளின் தையல் ஓரம்வரை சுத்தம் செய்யுங்கள். கப்பலில் சோதிப்பார்கள்தான், அந்த வேலையை அவர்கள் தலையில் கட்டிவிடாதீர்கள்.

இந்தச் சுத்தத்துக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. பறவைக் காய்ச்சல் 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாவின் ஸ்கூவா பறவைகளில் தென்பட்டது. 2024 பிப்ரவரியில் அன்டார்க்டிகப் பெருநிலத்திலும் உறுதியானது. அதனால்தான் கரையில் உட்காராதே, மண்டியிடாதே, பையைத் தரையில் வைக்காதே என்கிறார்கள். நல்ல படம் கிடைக்கிறதென்று முழங்காலை ஊன்றிவிடாதீர்கள். ஒரு பறவைக் கூட்டத்தின் எச்சம் உங்கள் துணியில் ஏறி, மறுநாள் நீங்கள் இறங்கும் அடுத்த கூட்டத்துக்குப் போய்ச் சேரும்.

பென்குயினிடமிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். அதுவாக நெருங்கி வந்தால் அசையாதீர்கள். கடலுக்கும் கூட்டுக்கும் நடந்து நடந்து அவை பனியில் பாதை வகுத்திருக்கும். அந்த வழியில் நிற்காதீர்கள், கடப்பதென்றால் அவற்றுக்கு வழிவிட்டுக் கடந்து செல்லுங்கள். இளகிய பனியில் உங்கள் கால் முழங்கால்வரை புதைந்தால், காலை எடுத்ததும் அந்தக் குழியைப் பனி தள்ளி மூடிவிட்டு நகருங்கள். ஜென்டூ பென்குயின் நின்றாலே முக்கால் மீட்டர்தான். அந்தக் குழியில் விழுந்தால் ஏற வழியின்றி மாட்டிக்கொள்ளும். பின்னால் வரிசை நிற்கிறது, வழிகாட்டி அவசரப்படுத்துகிறார் என்றாலும் மூடிவிட்டே நகருங்கள். அரை நிமிட வேலை.

டிசெப்ஷன் தீவில் திமிங்கில எலும்பு கிடக்கும். கூழாங்கல்லும் இறகும் எங்கும் கிடக்கும். எதையும் எடுக்காதீர்கள். கூழாங்கல்லை வைத்துத்தான் ஜென்டூ கூடு கட்டுகிறது.

வயதானவர்களுக்கும் அவர்களை அனுப்பும் பிள்ளைகளுக்கும் ஒன்று. மருத்துவப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததை மறைத்து டிரேக் நீரிணையைக் கடந்துவிட்டால், நெஞ்சுவலி வரும்போது பெரிய மருத்துவமனை இரண்டு நாள் கடல் தூரத்தில் இருக்கும். உங்களுக்காகக் கப்பலே திரும்பலாம். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வந்த மற்றவர்களின் பயணமும் உங்களோடு திரும்பும். 2007 நவம்பரில் எக்ஸ்புளோரர் என்ற கப்பல் பனியில் மோதி மூழ்கியபோது 154 பேரும் பிழைத்தார்கள் என்றால், உதவிக்கு வரக்கூடிய தொலைவில் வேறு கப்பல்கள் இருந்ததுதான் காரணம். எப்போதும் அப்படி அமையாது. மருத்துவரிடம் போய் வந்து, அவர் சரி என்ற பிறகே பணத்தைக் கட்டுங்கள்.