கணக்கைக் கேட்டுவிட்டு வெளியே வா

தம்பி, தங்கச்சி, வாடகை அறையைக் காலி செய்யும் நாளில் மட்டும் உன் குரல் ஏன் இப்படி இறங்கிப் போகிறது?

ருவான்வெல்லையைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களிலிருந்து அவிசாவளை வழியாக பஸ் ஏறிப் போன பிள்ளை நீ. வத்தளையிலோ கொட்டாஞ்சேனையிலோ அறை எடுத்து, கடையிலும் கம்பனியிலும் உழைக்கிறாய். வேலைத்தலத்தில் சிங்களமும் தமிழும் மாறி மாறிப் பேசுகிறாய். மனேஜர் பிழையாக லீவு வெட்டினால் எதிர்த்துக் கேட்கிறாய். ஆனால் சாவியைக் கொடுக்கும்போது வீட்டுக்காரர், "பேசின் வெடிச்சிருக்கு, சுவர்ல ஆணி அடிச்சிருக்கு, அட்வான்ஸ்ல 20,000 கழிச்சிட்டேன்" என்றால், ஒரு வார்த்தை பேசாமல் மிச்சத்தை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வருகிறாய். வீட்டுக்குப் போன் எடுத்தால் அம்மாவும், "விட்டுரு மகன், நமக்கு ஏன் வம்பு" என்கிறாள்.

விடாதே! அது உன் பணம்!

மாதம் 25,000 ரூபா அறைக்கு மூன்று மாத முற்பணம் என்றால் 75,000. 2024இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்தக் கணக்கில் 75,000 என்பது 55 நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. கழித்த 20,000 மட்டுமே ஏறக்குறைய 15 நாள் பேர், அதாவது 15 நாள் சம்பளம். அட்டைக்கடியோடு மலை ஏறி இறங்கி உழைத்த 15 நாளை, ஓர் ஆணித் துளையைக் காட்டி ஒருவர் எடுத்துக்கொள்வாரா? நீயும் பார்த்துக்கொண்டு நிற்பாயா?

இந்தத் தயக்கம் உன்னோடு பிறந்ததல்ல. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். ஆளின் பேரில் எவ்வளவு கடன் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டினால்தான் பழைய தோட்டம் அவரை விடும். கட்டிய பணம் மறுபடி அவர் தலையிலேயே கடனாக ஏறும். கப்பலேறி வந்த செலவு, அரிசி, கம்பளி என்று எதை எதையோ கூட்டி எழுதிய அந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்க, எழுத்தறியாத அந்த மனிதருக்கு வழியே இருக்கவில்லை. கங்காணி சொன்னதுதான் கணக்கு. 1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆனால் வெளியேறும்போது கணக்கு கேட்கக் கூடாது என்ற பயம் லயத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோவைக் கழித்தபோதும், அரைப் பேர் போட்டபோதும், அந்தப் பயம்தான் நம் வாயைப் பொத்தியது. அந்தப் பயத்தை நீயும் கொழும்புக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. உனக்கு எழுத்துத் தெரியும். கையில் போன் இருக்கிறது.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள். இந்த நாட்டில் வாடகை உறவுக்கு அடிப்படை உரோமன் டச்சுச் சட்டம். வீட்டை எப்படி வாங்கினாயோ அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆனால் நியாயமான பாவனையால் வந்த தேய்மானத்துக்கு நீ பொறுப்பில்லை. வெயிலில் மங்கிய பெயின்ட், நடந்து நடந்து மினுக்கம் போன தரை, பழையதாகி இறுகிப்போன பைப், இவையெல்லாம் நீ கொடுத்த வாடகைக்குள் அடக்கம். உன் கவனக்குறைவால் உடைந்ததற்கு மட்டும்தான் நீ பொறுப்பு.

அப்படி உடைத்திருந்தால் ஒளிக்காதே. உடைந்த அன்றைக்கே சொல். நிமிர்ந்து சொல்! வீட்டுக்காரரும் வங்கிக் கடனில் அந்த வீட்டைக் கட்டியவராக இருக்கலாம். அவருடைய பொருளுக்கு மதிப்புக் கொடுப்பதும் உன் மரியாதைதான். ஆனால் 10 வருடப் பழைய பேசினுக்குப் புதுப் பேசினின் விலையைக் கேட்டால் அதை ஏற்காதே. "சரி அங்கிள், பாஸைக் கூப்பிட்டுத் திருத்துவோம், பில்லைக் காட்டுங்க, என் பங்கை நான் தாறேன்" என்று சொல். எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் கேள். மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லிக் கழிப்பதற்குப் பெயர் கணக்கல்ல.

உண்மையில் இந்தச் சண்டையை வெல்லும் நாள் நீ குடி போகும் நாள்தான். பெட்டியை இறக்குவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும், பைப்பையும், கதவுப் பூட்டையும் வீடியோ எடு. ஏற்கெனவே உள்ள வெடிப்பைக் கிட்டப் போய் எடு. கரண்ட் மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் எடு. அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பு. திகதி தானாகப் பதிவாகிவிடும். அட்வான்ஸ் கொடுத்ததற்கு ரிசீட் வாங்கு. வங்கி மூலம் போட்டால் இன்னும் நல்லது. காலி செய்யும் நாளில் வீட்டைக் கூட்டிக் கழுவி, அவரோடு சேர்ந்து அறை அறையாக நடந்து பார். இதற்கெல்லாம் அரை நாள் போதும்.

இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல், பெரும்பாலான வாடகை வீடுகளின் முற்பணத்தை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். தகராறு வந்தால் இன்னது சேதமானது என்று நிரூபிக்க வேண்டியவர் வீட்டுக்காரர். இங்கே அப்படியொரு ஏற்பாடு இல்லை. பணம் அவர் கையில், கேட்க வேண்டியவன் நீ. அதனால்தான் சொல்கிறேன், உன் வாய்தான் உன் காவல்!

பேசியும் தராவிட்டால் கோபப்படாதே, கத்தாதே. தொகையையும் காரணத்தையும் எழுதிப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பு. அதற்கும் பதில் இல்லையென்றால் மத்தியஸ்த சபைக்குப் போ. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபை அது. சட்டத்தரணிகள் அங்கே உனக்காகவும் பேச முடியாது, அவருக்காகவும் பேச முடியாது. ஒரு மத்தியஸ்தரை நீ தெரிவு செய்யலாம், ஒருவரை அவர் தெரிவு செய்வார், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். லயத்துப் பிள்ளையும் மாடி வீட்டுக்காரரும் ஒரே உயரக் கதிரையில் உட்காரும் இடம் அது. போய் உட்கார்! வீடியோவைக் காட்டு. இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கு. அதோடு நீதிமன்றம் போகலாம்.

போன வருடமே ஏமாந்துவிட்டேன், இனி என்ன செய்வது என்கிறாயா? காலாவதிக் கட்டளைச் சட்டப்படி வாய்மொழி உடன்படிக்கைக்கு 3 வருடம், எழுத்து உடன்படிக்கைக்கு 6 வருடம் அவகாசம் உண்டு. பழைய வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதே. அட்வான்ஸ் போட்ட வங்கிச் சீட்டைத் தேடி எடு. இன்று இரவே அந்தக் கடிதத்தை எழுது.